மாறிலிகள் மாறியதுண்டோ?

நெய்வேலி நகரியத்தின் மரநிழல் படர்ந்த சாலைகளைக் கடந்து, திறந்தவெளிச் சுரங்கத்தின் விளிம்பில் நிற்போர்க்கு முதலில் புலப்படுவது ஆழம். அடுத்துப் புலப்படுவது காலம். மேலே செம்மண், அதன்கீழ் களிமண்ணும் மணற்பாறையும், அவற்றுக்கும் அடியில் கரும்பழுப்பாய் நிலக்கரிப் படுகை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளே, 1956இல் தோன்றிய பெரு நிறுவனத்துக்கும் இந்நகரியத்துக்கும் வித்தாயிற்று என்பது வட்டாரத்தார் அறிந்த செய்தி. அக்கரி ஒருகாலத்தில் காடாக நின்றது. அக்காட்டு மரங்களின் மகரந்தத் துகள்களைக்கூட நுண்ணோக்கியால் அதில் இன்றும் காண முடிகிறது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழைமை அதற்குச் சொல்லப்படுகிறது.

நம் துறை மாணவர்களோடு அவ்விளிம்பில் நின்றபோது ஒரு மாணவர், “ஐயா, அந்தக் காடு வளர்ந்த காலத்திலும் வெயில் இதே வெயில்தானா? இயற்கையின் சட்டம் அன்றும் இதுவேதானா?” என்று கேட்டார். தமிழ்த் துறையார் விடை சொல்லக்கூடிய வினாவன்று என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. தேடிப் படித்தோம். உலகின் பெரிய தொலைநோக்கிகள் கால் நூற்றாண்டுக்கு மேலாக இதே வினாவைத்தான் வானத்திடம் கேட்டு வருகின்றன என்பதும், அவ்வழக்கில் புனே நகரத்து இந்திய அறிஞர் சிலர் தலையாய சாட்சிகளாக நின்றனர் என்பதும் தெரியவந்தன. தேடியதன் பயனே இக்கட்டுரை.

அளவும் அளவுகோலும்

ஒளியின் வேகம், எலக்ட்ரானின் மின்னேற்றம், புரோட்டானின் நிறை, நியூட்டன் கண்ட ஈர்ப்பு எண் முதலியவற்றை இயற்பியலார் அடிப்படை மாறிலிகள் என்பர். ஏன் இவை இந்த அளவில் உள்ளன என்பதற்குக் கோட்பாடு எதுவும் விடை கூறவில்லை. அளந்து பார்த்துத்தான் அறிகிறோம். இன்று அளந்தால் இவ்வளவு. ஆயிரங்கோடி ஆண்டுகளுக்கு முன் அளந்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும்?

இங்கே முதலிலேயே ஒரு சிக்கல் எழுகிறது. படியால் நெல்லை அளக்கிறோம். ஓர் இரவில் நெல்மணியும் படியும் ஒருசேரச் சுருங்கிவிட்டால், காலையில் அளப்பவனுக்குச் சுருக்கம் தெரியுமா? தெரியாது. மீட்டர் என்னும் அளவே 1983 முதல் ஒளியின் வேகத்தைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகிறது. எனவே ‘ஒளியின் வேகம் மீட்டர்க் கணக்கில் மாறிற்றா’ என்று வினவுவது, படியைப் படியாலேயே அளப்பது போன்றது. மாற்றத்தைச் சோதிக்க வேண்டுமாயின் அலகு எதுவும் ஒட்டாத தனி எண் வேண்டும். அதாவது ஒன்றோடொன்று கொள்ளும் விகிதம் வேண்டும்.

அத்தகைய எண்களில் புகழ்பெற்றது, 1916இல் சோமர்ஃபெல்ட் அறிமுகம் செய்த நுண்ணமைப்பு மாறிலி. ஆல்ஃபா என்னும் கிரேக்க எழுத்தால் இதனைக் குறிப்பர். இதன் அளவு ஏறத்தாழ 137இல் ஒரு பங்கு. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் கொள்ளும் வேகம் ஒளியின் வேகத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று கேட்டால், விடையாக வருவதும் இந்த 137தான். மின்விசை எத்துணை வலிமையுடன் அணுவைக் கட்டிவைக்கிறது என்பதன் அளவே ஆல்ஃபா. நெய்வேலியின் இலைகள் வெயிலைப் பருகியதும், அவ்வெயிலின் நிறமும், இன்று அனல்மின் நிலையத்தில் அக்கரி எரிவதும் இவ்வெண்ணின் ஆட்சிக்கு உட்பட்டவை. புரோட்டானின் நிறை எலக்ட்ரானின் நிறையைப்போல் 1836 மடங்கு என்பதும் இத்தகைய ஒரு தனி எண்ணே.

காலத்தால் அளவு மாறியதா என்னும் ஐயம் நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. பெருநாள் தர்மமாகிய ஃபித்ராவை ஒரு ‘ஸாவு’ கணக்கில் கொடுக்கிறோம். அந்த ஸாவு எவ்வளவு என்பதில் சட்ட அறிஞரிடையே வேறுபாடு இருந்தது. கூஃபா நகரத்தார் எட்டு ராத்தல் என்றனர். மதீனா நகரத்தார் ஐந்தும் மூன்றிலொன்றும் என்றனர். (நம் கடைத்தெருவில் ஒருகாலத்தில் வழங்கிய ‘ராத்தல்’ என்னும் சொல் அரபு மொழி தந்ததே என்பதைத் தமிழ் மாணவர் குறித்துக்கொள்ளலாம்.) இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் முதன்மை மாணவரான இமாம் அபூ யூசுப் (ரஹ்) மதீனா சென்றபோது இதனைச் சோதித்த செய்தியை இமாம் பைஹகீ (ரஹ்) தம் தொகுப்பில் பதிந்துள்ளார். சான்று என்ன என்று அபூ யூசுப் கேட்டாராம். மறுநாட் காலை முதியோர் ஏறத்தாழ ஐம்பதின்மர், தந்தை வழியாகவும் குடும்ப வழியாகவும் தமக்கு வந்த முகத்தலளவைப் பாத்திரங்களை மேலாடைக்குள் ஏந்தி வந்தனராம். எல்லாம் ஒத்திருந்தன. அளந்து பார்த்தார், ஐந்தும் மூன்றிலொன்றும், அதிலும் சிறிது குறைவு. தம் ஆசிரியரின் கருத்தை அவ்விடத்தே விட்டுவிட்டார்.

பின்னால் வரப்போகும் செய்திகளுக்கு இந்நிகழ்ச்சி பெரிதும் துணை செய்யும். பழைய அளவு இன்றும் சிதையாமல் இருக்கும் பாத்திரங்களைத் தேடியது ஒன்று. ஒன்றை நம்பாமல் பலவற்றை ஒப்பிட்டது மற்றொன்று. ‘சிறிது குறைவு’ என்று தம் அளவையின் எல்லையையும் மறைக்காமல் சொன்னது மூன்றாவது. நமக்கு இம்மூன்றாவதே பெரிதாகப் படுகிறது.

மாறலாம் என்று முதலில் சொன்னோர்

இவ்வையத்தை அறிவியலுக்குள் கொணர்ந்தவர் டிராக். 1937இல் அவர் ஒரு வியப்பைச் சுட்டினார். புரோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் இடையே உள்ள மின்விசை, அவற்றின் ஈர்ப்பு விசையைப்போல் எத்தனை மடங்கு என்று கணக்கிட்டால், 1-க்குப் பின் 39 சுழி இட்ட எண்ணை ஒட்டி வருகிறது. பேரண்டத்தின் வயதை அணுவின் கால அளவால் வகுத்தாலும் அத்தகையதொரு பேரெண்ணே கிடைக்கிறது. இது தற்செயல் அன்று எனில், வயது ஏற ஏற ஈர்ப்பு குறைந்து வர வேண்டும் என்றார் அவர்.

1948இல் டெல்லர் நிலவியலைக் கொண்டு இதனை மறுத்தார். பண்டு ஈர்ப்பு மிகுந்திருந்தால் சூரியன் இன்னும் கடுமையாக எரிந்திருக்கும். பூமியும் அதனை இன்னும் நெருங்கிச் சுற்றியிருக்கும். உயிர்கள் வாழ்ந்த பழங்கடல்கள் கொதித்திருக்க வேண்டும். ஆனால் அன்று பேரண்டத்துக்குச் சொல்லப்பட்ட வயது மிகக் குறைவு. பின்னர் அவ்வயது நீண்டபோது டெல்லரின் வாதமும் தளர்ந்தது. 1967இல் காமோவ், மாறுவது ஈர்ப்பன்று, மின்னேற்றமே என்று டிராக்கைக் காக்க முன்வந்தார். அதே ஆண்டில் அதுவும் மறுக்கப்பட்டது.

நம் நாட்டவரான ஜெயந்த் நார்லிகர், தம் ஆசிரியர் ஃபிரெட் ஹாயிலுடன் 1964இல் ஒரு புதிய ஈர்ப்புக் கோட்பாட்டை வெளியிட்டார். அதன் வளர்ச்சியில் காலத்தோடு மாறும் ஈர்ப்பும் இடம்பெற்றது. அவரே பின்னர் 1988இல் புனேயில் வானியல், வானியற்பியல் ஆகியவற்றுக்கான பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மையத்தைத் தோற்றுவித்தார். மாறும் மாறிலியைக் கோட்பாட்டில் ஏற்றவர் நிறுவிய இல்லத்திலிருந்தே, மாற்றம் காணவில்லை என்னும் புகழ்பெற்ற அளவீடு வெளிவந்தது. ஈர்ப்பைப் பொறுத்தவரை, 1969 முதல் நிலவில் வைக்கப்பட்ட கண்ணாடிகளில் லேசர் ஒளியை எறிந்து அளந்து வருகின்றனர். ஆண்டுக்கு லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட அது மாறவில்லை என்று தெரிகிறது. அதனை இவ்வளவில் விட்டு ஆல்ஃபாவுக்கு வருவோம்.

ஒரு சுரங்கம் சொன்ன சாட்சி

நெய்வேலிச் சுரங்கம் நமக்குத் தரும் பின்னோக்கு 2 கோடி ஆண்டு. பேரண்டத்தின் வயதோ 1380 கோடி. 690இல் ஒரு பங்கு மட்டுமே நம் காலடியில் தெரிகிறது. இன்னும் ஆழமான சாட்சி, மத்திய ஆப்பிரிக்காவின் கபோன் நாட்டில் ஓக்லோ என்னுமிடத்து யுரேனியச் சுரங்கத்தில் கிடைத்தது.

1972இல் பிரெஞ்சு அறிஞர்கள் அவ்விடத்துத் தாதுவில் பிளவுறும் யுரேனியமாகிய 235 வகை இருக்க வேண்டிய அளவினும் சிறிது குறைந்திருப்பதைக் கண்டனர். வேறுபாடு மிக நுண்ணியது, 0.7202 விழுக்காடு இருக்க வேண்டியது 0.7171 விழுக்காடாக இருந்தது. காணாமற்போனது எங்கே என்று துருவியபோது, ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இயற்கையே ஓர் அணு உலையை மூட்டி எரித்திருந்தது தெரியவந்தது. அக்காலத்தில் 235 வகை 3 விழுக்காட்டளவு இருந்ததாலும், நிலத்தடி நீர் ஊறி நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்ததாலும் இது நேர்ந்தது.

1976இல் ஷ்லியாக்டர் என்னும் ரஷ்ய இயற்பியலாளர் அந்தச் சாம்பலில் சமாரியம் 149 என்னும் பொருளை நோக்கினார். அது நியூட்ரானை விழுங்குவது ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் மட்டுமே மிகுதி; பூட்டில் சாவி பொருந்துவதுபோல் அத்துணைத் துல்லியமாகப் பொருந்த வேண்டும். ஆல்ஃபா அன்று சிறிதே மாறியிருந்தாலும் சாவி பொருந்தாது. சமாரியம் எரியாமல் எஞ்சியிருக்கும். எரிந்துதான் போயிருந்தது. அதிலிருந்து, 200 கோடி ஆண்டுகளில் ஆல்ஃபா கோடியில் ஒரு பங்கு என்னும் அளவை ஒட்டிய எல்லைக்கு மேல் மாறவில்லை என்று கணக்கிட்டனர். உலை எவ்வளவு சூட்டில் எரிந்தது, அணுக்கருவின் பிற விசைகள் மாறாதிருந்தனவா என்னும் எடுகோள்கள் இக்கணக்கில் உண்டு. ஆயினும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சாட்சிகளில் இதற்கு நிகர் இல்லை.

ஒளியை அகழ்தல்

200 கோடிக்கும் அப்பால் செல்ல மண் உதவாது. ஒளியைத்தான் அகழ வேண்டும். தொலைவிலுள்ள பொருளைக் காண்பது அதன் பழங்காலத்தைக் காண்பதாகும். குவேசார்கள் என்னும் பேரொளிப் பொருள்கள் பேரண்டத்தின் விளிம்பை நோக்கி விளக்குகள்போல் நிற்கின்றன. அவற்றின் ஒளி நம்மை அடையும் வழியில் இடைப்பட்ட வளிம மேகங்களினூடே வருகிறது. மேகத்தில் உள்ள மக்னீசியம், இரும்பு முதலியவற்றின் அணுக்கள் தத்தமக்குரிய நிறத்தை மட்டும் விழுங்கிவிடுகின்றன. நிறமாலையில் அவ்விடங்கள் கருங்கோடுகளாகத் தெரிகின்றன. கோடுகளின் சிறு இடப்பெயர்ச்சியிலிருந்து பெருஞ்செய்தி அறிவது நம் நாட்டுக்கும் பழகிய கலையே. 1909இல் கொடைக்கானல் வானாய்வகத்தில் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வளிமம் பாய்வதை இவ்வாறே கண்டார்.

அந்த மேகங்களே நமக்கு மதீனத்து முதியோர் ஏந்தி வந்த பாத்திரங்கள். மேகம் இருந்த காலத்து ஆல்ஃபா, கோடுகளின் இடைவெளியில் பதிந்து சிதையாமல் வந்து சேர்கிறது.

படிக்கும் முறை இது. பேரண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளமும் நீள்கிறது. கோடுகள் அனைத்தும் செந்நிறப் பக்கம் ஒரே விகிதத்தில் நகர்கின்றன. ரப்பர் துணியில் இட்ட புள்ளிகளை இழுத்தால் இடைவெளி பெருகினும் விகிதம் மாறாதிருப்பது போன்றது இது. ஆல்ஃபா மாறினால் நிகழ்வதோ வேறு. மக்னீசியத்தின் கோடுகள் ஏறக்குறைய அசையா. இரும்பின் கோடுகள் சிறிது மிகுதியாக அசையும். ஒன்றை நட்ட கல்லாகக் கொண்டு மற்றொன்றின் நகர்வை அளந்தால் ஆல்ஃபா மாறிற்றா என்பது தெரியும். ஆஸ்திரேலியாவில் ஜான் வெப், ஃபிளாம்பாம் முதலியோர் 1999இல் இம்முறையை வகுத்து, ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கியில் பதிந்த நிறமாலைகளுக்குப் பொருத்தினர்.

கிடைத்த விடை உலகைத் திடுக்கிட வைத்தது. பண்டைக் காலத்து ஆல்ஃபா இன்றையதினும் சிறிது குறைவு! 2003இல் 128 மேகங்களைக் கொண்டு அவர்கள் சொன்ன கணக்கு, லட்சத்தில் 0.54 பங்கு குறைவு. பிழை எல்லை 0.12. இந்நுண்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளத்தில் அரைச் சென்டிமீட்டர் குறைவதைக் கண்டுபிடிப்பது போன்றது. ஆனால் மெய்யாயின், ஐன்ஸ்டைன் அடித்தளமாகக் கொண்ட கொள்கைகளில் ஒன்று விரிசல் கண்டதாகிவிடும்.

புனேயின் விடை

இங்கேதான் நம்மவர் வருகின்றனர். புனே மையத்தின் இரகுநாதன் ஸ்ரீஆனந்த், ஹம் சந்த் ஆகியோர், பாரிசின் பத்ரிக் பெட்டிஜான், பஸ்தியான் அராசில் ஆகியோருடன் இணைந்து, தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் பரனால் மலைமேல் அமைந்த 8.2 மீட்டர்த் தொலைநோக்கியின் நிறமாலைகளை ஆராய்ந்தனர். ஸ்ரீஆனந்த் இதற்கு முன்பே பெயர் பெற்றவர். 2000இல் பெட்டிஜான் முதலியோருடன் சேர்ந்து, தொலைவிலுள்ள ஒரு மேகத்தைக் கொண்டு பண்டைப் பேரண்டத்தின் வெப்பநிலையை அளந்து, இன்று தனிப்பூச்சியத்துக்கு மேல் 2.7 கெல்வினாக உள்ள பின்னணி வெப்பம் அன்று 6-க்கும் 14-க்கும் இடைப்பட்டிருந்தது என்று காட்டியவர். பேரண்டத்தில் மாற வேண்டியது மாறியிருக்கிறது என்று காட்டிய கை, மாறக்கூடாதது மாறிற்றா என்று சோதிக்க முனைந்தது. 2008இல் அவருக்குப் பட்நாகர் விருது கிடைத்தது.

இவர்கள் மேகங்களைப் பொறுக்கி எடுத்தனர். கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை, மிக மெலிந்தவை, மிகச் செறிந்தவை ஆகியவற்றை விலக்கி, 18 குவேசார்களின் திசையில் 23 மேகங்களை மட்டும் வைத்துக்கொண்டனர். 2004இல் முடிவு வெளிவந்தது. லட்சத்தில் 0.06 பங்கு குறைவு; பிழை எல்லையும் 0.06. அதாவது மாற்றம் என்று சொல்ல இடமே இல்லை. கெக் கண்டதில் ஒன்பதில் ஒரு பங்கே. இரண்டு பெருங்கண்ணாடிகள், இரண்டு குழுக்கள், இரண்டு முரண்பட்ட சாட்சிகள்.

இந்தியர் வென்றனர் என்று இக்கதையை இங்கேயே முடிப்பது எளிது. அவ்வாறு முடிப்பது பொய்யாகும். ஆஸ்திரேலியக் குழுவின் மைக்கேல் மர்ஃபியும் தோழர்களும் 2007, 2008ஆம் ஆண்டுகளில் புனேயின் கணக்கையே கூராய்வு செய்தனர். நிறமாலைக்கு மிகப் பொருந்தும் ஆல்ஃபாவைத் தேடுவது, வழவழப்பான சட்டியின் அடிப்புள்ளியைக் கோலிகுண்டு தேடுவது போன்றது. புனேயின் வரைபடங்களில் சட்டியின் பக்கங்கள் மேடுபள்ளமாக இருந்தன; குண்டு அடியை எட்டுமுன்னரே சில இடங்களில் சிக்கி நின்றிருக்கக்கூடும் என்றனர். தரவின் தரம் அனுமதிக்கும் அளவினும் பிழை எல்லை குறுகியிருக்கிறது என்றும் சுட்டினர். அதே தரவைத் தாமே கணக்கிட்டபோது தமக்குக் குறைவு தென்படுகிறது, ஆயின் பிழை எல்லை மிகப் பெரிது என்றனர். புனேயார் மறுமொழி தந்தனர். ஐயத்துக்குரிய மேகங்களை நீக்கி, பிழை எல்லையை விரித்துக்கொண்டு, அப்போதும் மாற்றம் தென்படவில்லை என்று நின்றனர்.

நம் கருத்தைச் சொல்வதாயின், முதல் கட்டுரையின் பிழை எல்லை மிகை நம்பிக்கையுடன் இடப்பட்டது. முடிவின் திசை சரியானது. 0.06 என்னும் அந்தச் சிற்றெண்ணைச் சுற்றித்தான் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. தேர்வுத் தாளில் விடையை எழுதிவிட்டு, ± குறிக்குப் பின்வரும் எண்ணை அலட்சியமாக விட்டுவிடும் நம் அறிவியல் மாணவர் இதனைப் படிக்க வேண்டும். அபூ யூசுப் சொன்ன ‘சிறிது குறைவு’ அத்துணைப் பெறுமதி உடையது.

வழக்கு அதோடு நிற்கவில்லை. வெப், கிங் முதலியோர் பரனால் தொலைநோக்கியின் தரவிலேயே 153 மேகங்களை எடுத்து 2011இல் புதிய வியப்பொன்றை வெளியிட்டனர். வடவானில் ஆல்ஃபா குறைவு, தென்வானில் மிகுதி; பேரண்டத்துக்கே ஒரு திசை உண்டு என்னும்படியான கூற்று அது.

தராசைத் தராசில் நிறுத்தல்

ஐம்பது பாத்திரங்களும் ஒத்திருந்தால் நம்பலாம் என்றோம். ஆனால் ஐம்பதையும் நிறுத்த தராசு ஒன்றேயாகி, அத்தராசின் முள்ளே கோணியிருந்தால்? எத்தனை பாத்திரம் கொணர்ந்தாலும் பிழை குறையாது. 128 மேகமும் ஒரே நிறமாலைமானி வழியே பார்க்கப்பட்டவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தராசைச் சோதிக்க ஓர் அழகிய வழி கண்டனர். சூரியனின் நிறமாலை மிகத் துல்லியமாக அறியப்பட்டது. குறுங்கோள்கள் சூரிய ஒளியை அப்படியே எதிரொளிக்கின்றன. சூரியனை ஒத்த விண்மீன்களும் உள்ளன. இவற்றின் ஒளியை அதே தொலைநோக்கியில் பதிந்து, தெரிந்த நிறமாலையோடு ஒப்பிட்டால் கருவியின் கோணல் வெளிப்படும். 2015இல் விட்மோரும் மர்ஃபியும் பழைய பதிவுகள் பலவற்றை இவ்வாறு சோதித்து, கெக், பரனால் ஆகிய இரு கருவிகளிலும் அலைநீள அளவுகோல் நெடுகச் சிறிது வளைந்திருப்பதைக் கண்டனர். அளவுகோலை அமைக்க உதவிய தோரியம் விளக்கின் ஒளியும், விண்ணொளியும் கருவிக்குள் ஒரே தடத்தில் செல்லாமையே இதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. இவ்வளைவைக் கணக்கில் கொண்டால் பரனாலில் கண்ட மிகுதி கரைந்துவிடுகிறது. கெக்கில் கண்ட குறைவையும் ஓரளவுக்கு விளக்கிவிடலாம் என்றனர்.

மர்ஃபி யார் என்பதை மறவாதிருப்போம். மாற்றம் உண்டு என்று வாதிட்ட குழுவின் முன்னணி அறிஞர் அவர்; புனேயின் கணக்கைக் குலைத்தவரும் அவரே. தம் குழு நின்ற தளத்தைத் தாமே தோண்டிப் பார்த்தார். 2022இல் எஸ்பிரெசோ என்னும் புதிய நிறமாலைமானியைக் கொண்டு, சீப்பின் பற்கள்போல் சீரான கோடுகளைத் தரும் லேசரால் அளவுகோலைத் திருத்தி, ஏறத்தாழ 850 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மேகத்தை அவர் தலைமையில் அளந்தனர். பத்து லட்சத்தில் 1.3 பங்கு, பிழை எல்லையும் 1.3. மாற்றம் இல்லை.

வானொலி அலைகளிலும் இச்சோதனை நடைபெறுகிறது. புனேக்கு வடக்கே கோடாட் சிற்றூரில் ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 ஏற்பிகளுடன் மாபெரும் வானொலித் தொலைநோக்கி அமைந்துள்ளது. அதனை எழுப்பிய கோவிந்த் ஸ்வரூப், அதற்கு முன் நம் உதகமண்டலத்தின் மலைச்சரிவில் 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கியை 1970இல் நிறைவேற்றியவர். புனேயில் இத்துறையின் தேசிய மையத்தைச் சேர்ந்த நிசிம் கனேகர், ஜெயராம் செங்களூர் ஆகியோர், ஹைட்ராக்சில் மூலக்கூற்றின் இரு வரிகளை ஒப்பிடும் முறையைக் கையாண்டனர். ஒரு வரி ஒளிர்கிறது. மற்றது அதே வடிவில் மங்குகிறது. ஒன்று மற்றதன் கண்ணாடி நிழல். எனவே இரண்டும் ஒரே மேகத்தின் வளிமத்தில் எழுந்தவை என்பதில் ஐயமில்லை. தராசுக் கோணலுக்கு இடம் குறைவு. தபசி கோஷ் அவர்களையும் சேர்த்துக்கொண்டு, பின்னர் 2020இல் இடிந்து வீழ்ந்த அரெசிபோ தொலைநோக்கியால் அளந்து, 2018இல் வெளியிட்ட முடிவும் மாற்றம் இல்லை என்பதே. புரோட்டான், எலக்ட்ரான் நிறைவிகிதத்தையும் 2013இல் ஒரு குழுவினர் மெத்தனால் என்னும் சாராயப் பொருளின் வரிகளால் சோதித்தனர். 700 கோடி ஆண்டுகளில் அது கோடியில் ஒரு பங்களவுகூட மாறியதாகத் தெரியவில்லை.

ஓர் எச்சரிக்கை

இச்செய்தியைப் படித்தவுடன், ‘இறைவனின் நியதி மாறாதது என்பதை விஞ்ஞானமும் மெய்ப்பித்துவிட்டது’ என்று மேடையேறத் துடிக்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களின் பற்றை மதிக்கிறோம், வழியை ஏற்கவில்லை. 2003இல் இக்கட்டுரையை எழுதியிருந்தால் நம் கையில் இருந்திருக்கும் எண், மாறிற்று என்றல்லவா சொல்லியிருக்கும்? அன்று நியதி பொய்த்துவிட்டதா? ஆல்ஃபா மாறினாலும், அது எவ்வாறு மாறுகிறது என்பதற்கும் ஒரு சட்டம் இருக்கும். இயற்பியலார் அதைத்தான் தேடுவர். ஈமானை, பிழை எல்லையோடு வரும் ஓர் எண்ணின்மேல் கட்டுதல் இரண்டுக்கும் நியாயமாகாது. தாலமியின் வானியலை எல்லாரும் வேதவாக்காய்க் கொண்ட காலத்தில், அதன்மேலுள்ள ஐயங்களையே நூலாக்கியவர் இப்னு அல் ஹைதம். அவர் தம் மார்க்கப் பற்றில் எவருக்கும் குறைந்தவர் அல்லர்.

மிகப் பழைய காலம்

குவேசார்களுக்கும் முற்பட்ட சாட்சிகள் இரண்டு. பேரண்டம் பிறந்து 3.8 லட்சம் ஆண்டானபோது எலக்ட்ரான்கள் முதன்முதலாக அணுக்களில் அடங்கின. ஒளி விடுபட்டுப் பரவிற்று. அது எந்த வெப்பநிலையில் நிகழும் என்பதை ஆல்ஃபா முடிவு செய்கிறது. அவ்வொளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் தரவு, ஆயிரத்தில் சில பங்குகளுக்கு மேல் ஆல்ஃபா வேறுபடவில்லை என்கிறது. இன்னும் முன்னே, முதற் சில நிமிடங்களில் ஹீலியம் உருவாயிற்று. அதன் விகிதமும் இன்றைய மாறிலிகளோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஆனால் அச்சாட்சி இன்னும் முரடானது. பின்னே செல்லச் செல்ல அளவுகோலின் கோடுகள் தடித்துக்கொண்டே போகின்றன. அருகில், ஆய்வகத்திலோ மிகக் கூர்மை. அமெரிக்காவில் அலுமினியம், பாதரசம் ஆகிய இரு அணுக்கடிகாரங்களை ஓராண்டளவு ஒப்பிட்டு 2008இல் சொன்ன முடிவின்படி, ஆண்டுக்கு 1-க்குப் பின் 16 சுழி இட்ட எண்ணில் ஒரு பங்கு அளவுக்குக்கூட ஆல்ஃபா இன்று நகரவில்லை.

மாணவரின் வினாவுக்கு வருவோம். நெய்வேலிக் காட்டின்மேல் விழுந்த வெயில், ஆல்ஃபாவைப் பொறுத்தவரை, இதே வெயில்தான். ஓக்லோவின் எல்லையே அதற்குப் போதும். அக்காட்டின் உடலாக நின்ற கார்பன் அதற்கும் நெடுங்காலம் முன்னர் விண்மீன்களுக்குள் சமைந்தது. மூன்று ஹீலியக் கருக்கள் ஒன்றுசேர, கார்பன் கருவில் ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை இருந்தாக வேண்டும் என்று 1953இல் முன்னுரைத்தவர், நார்லிகரின் ஆசிரியராகப் பின்னர் விளங்கிய அதே ஹாயில். ஆல்ஃபா சில விழுக்காடு வேறுபட்டிருந்தால் அந்நிலை விலகியிருக்கும். அப்பொருள் இவ்வளவு மிகுதியாகச் சேர்ந்திராது. வட வானுக்கும் தென் வானுக்கும் வேறுபாடு உண்டா என்னும் 2011ஆம் ஆண்டுக் கூற்றை மட்டும், ஒரு மேகத்தைக் கொண்டு தீர்க்க இயலாது. எஸ்பிரெசோவின் நுண்மையோடு வானின் பல திசைகளில் பல மேகங்களை அளந்தாக வேண்டும். பரனாலுக்கு அருகே அர்மசோனஸ் மலையில் 39 மீட்டர்க் கண்ணாடியுடன் எழும்பிவரும் தொலைநோக்கிக்கு வகுத்துள்ள பணிகளில் இதுவும் ஒன்று.